‘ஸ்கேன் நார்மல்’ என்றால் என்ன? மாத்திரைக்கு அடங்காத வலிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வலிப்பு நோய் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புள்ளியைத்தான் சுற்றுகின்றன: மாத்திரை கேட்கவில்லை, ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. அவற்றிலிருந்து சிலவற்றுக்கு நரம்பியல் மருத்துவக் குழுவினர் தரும் பதில்கள் இங்கே.

என் மகளுக்கு 14 வயது. ஆறு வயதிலிருந்து ஃபிட்ஸ். லெவெடிராசிட்டம், ஆக்ஸ்கார்பஸெபைன், குளோபசாம் மூன்றையும் ஒரு வேளை தவறாமல் கொடுக்கிறேன். தூக்கத்தில்தான் வருகிறது, வாரத்துக்கு மூன்று நான்கு முறை. இரண்டு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று; இரண்டிலும் ‘நார்மல்’. மூன்றாவது தடவை எடுக்கச் சொல்கிறார்கள். வீண் செலவுதானே?
– ஒரு தாய், நாமக்கல்

முன்பு எடுத்த மாதிரியே மூன்றாவது தடவையும் எடுத்தால் வீண் செலவுதான் அம்மா. வேறு மாதிரி எடுத்தால் வீண் இல்லை.

வழக்கமான தலை எம்.ஆர்.ஐ., பக்கவாதம், பெரிய கட்டி, ரத்தக்கசிவு போன்றவற்றைப் பிடிப்பதற்காக அமைக்கப்பட்டது. மூளையை 5 மி.மீ. கனமுள்ள துண்டுகளாகப் படம் பிடிப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு மி.மீ. அளவுக்கு விட்டும் விடுவார்கள். கத்தரிக்காயை நாலாக வகுந்தால் உள்ளே இருக்கும் புழு தப்பிவிடும், வில்லை வில்லையாக நறுக்கினால் மாட்டும். அந்தக் கதைதான் இதுவும்.

உங்கள் மகளைப் போல சிறு வயதில் தொடங்கி, தூக்கத்தில் கொத்தாக வருகிற வலிப்பில் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது ஃபோக்கல் கார்ட்டிகல் டிஸ்ப்ளேசியா என்ற பிறவிக் கோளாறு. கருவில் மூளை உருவாகும்போது ஒரு சிறு பகுதியில் மட்டும் நரம்பணுக்கள் தாறுமாறாக அடுக்கப்பட்டுவிடுகின்றன. அது வளராது, பரவாது, புற்றும் அல்ல. ஆனால் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். சில பிள்ளைகளுக்கு அது ஒரு பட்டாணி அளவுதான், அதுவும் மூளை மடிப்புப் பள்ளத்தின் அடியில் ஒளிந்திருக்கும். படத்தில் அடையாளம் மிக மெல்லியது: சாம்பல் நிறப் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையே கத்தியால் கீறியதுபோல் இருக்க வேண்டிய கோடு அந்த இடத்தில் மட்டும் மங்கியிருக்கும், புறணி (மூளையின் மேலடுக்கு) ஒரு சுற்று தடித்திருக்கும், சில சமயம் அங்கிருந்து உள்ளே இருக்கும் நீர்ப்பை வரை வால் போல ஒரு வெளுத்த கீற்று ஓடும். எங்கே பார்ப்பது என்று தெரியாதவர் கண்ணுக்கு இது படவே படாது.

ஜெர்மனியின் பான் நகர ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. பலரும் சொல்லத் தயங்குவதை அது எண்ணாகவே சொன்னது. வழக்கமான எம்.ஆர்.ஐ.யைப் பொதுவான ரேடியாலஜிஸ்ட் படித்தபோது, இருந்த கோளாறுகளில் 39 சதவீதம்தான் கண்டுபிடிக்கப்பட்டன. அதே படத்தை வலிப்பில் பழகியவர் படித்ததும் அது 50 ஆயிற்று. வலிப்புக்கென்றே தனி முறையில் எடுத்துப் பழகியவர் படித்தபோது 91. ஆக, ‘நார்மல்’ என்ற சொல்லை ‘இந்த முறையில் எடுத்து, இவர் பார்த்தவரை தெரியவில்லை’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய இரண்டு ஸ்கேன்களும் பதிந்த சி.டி. தகடுகளை எடுத்துக்கொண்டு வலிப்பு அறுவை சிகிச்சை செய்யும் மையம் ஒன்றுக்குப் போங்கள். ஃபிலிம் போதாது, தகடு வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா, பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென்றே குழுக்கள் உண்டு. ‘வலிப்பு முதலில் எங்கே தொடங்குகிறது’ என்பதை உங்களிடம் கேட்டு, இ.இ.ஜி.யைப் (மூளையின் மின்னலைப் பதிவு) பார்த்து, அதன்பின் படத்தின் அந்த இடத்தை மட்டும் மறுபடி துழாவுவார்கள். புது ஸ்கேன் எடுக்காமலே விடை கிடைத்துவிடுவதும் உண்டு.

நாலாவது மாத்திரை சேர்த்துப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சேர்க்கலாம், தவறில்லை. அதை மட்டும் நம்பி ஆண்டுகளைக் கழிக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் புதிதாக வலிப்பு வந்த 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியிட்ட கணக்கில், முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவதில் நின்றவர்கள் 13. மூன்றாவது மருந்திலோ கூட்டு மருந்திலோ நின்றவர்கள் 4 சதவீதம்தான். இதனால்தான் உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2010-ல் வரையறை வகுத்தது: சரியாகத் தேர்ந்தெடுத்து, சரியான அளவில், உடல் தாங்கும்படி கொடுத்த இரண்டு மருந்துகள் தோற்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. உங்கள் மகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சில டாக்டர்கள் ‘எம்.ஆர்.ஐ. பிரெய்ன், எபிலெப்சி புரோட்டோகால்’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். அதில் கட்டாயம் என்னென்ன இருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். உலகச் சங்கத்தின் குழு 2019-ல் ‘ஹார்னஸ்’ என்ற பெயரில் ஒரு குறைந்தபட்ச முறையை வெளியிட்டது. மூன்றே வரிசைகள்தான், அதாவது மூன்று விதப் படங்கள். 3 டெஸ்லா (காந்தத்தின் பலத்துக்கான அளவு) மெஷின் இருந்தால் அதில் எடுங்கள், 1.5 மட்டும்தான் என்றால் அதிலும் எடுக்கலாம்.

முதலாவது, 3டி டி-1. எல்லாப் பக்கமும் 1 மி.மீ. சதுரமாக, இடைவெளி இல்லாமல், நெற்றியிலிருந்து பின்மண்டை வரை முழுத் தலையும். இரண்டாவது, அதே 1 மி.மீ. அளவில் 3டி ஃப்ளேர். மூன்றாவது, டி-2 கொரோனல் (காதுக்குக் காது குறுக்காக வெட்டும் படம்). கனம் 2 மி.மீ.க்கு மேல் போகாமல், இடைவெளி இல்லாமல், தளத்துக்குள் 0.4 மி.மீ. நுணுக்கத்தில்.

பெரும்பாலும் கோட்டை விடுவது மூன்றாவதில். வழக்கமாக மூளையின் நடுக்கோட்டை வைத்து கொரோனலைச் சாய்ப்போம். இங்கே அது உதவாது. சஜிட்டல் (பக்கவாட்டுத் தோற்றம்) படத்தில் நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து, ஹிப்போகேம்பஸ் (நினைவைப் பதிய வைக்கும் சிறு உறுப்பு) நீளவாக்கில் படுத்திருப்பது தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நீள அச்சுக்குச் செங்குத்தாகக் கோடு போடுங்கள். சாய்வு பிசகினால் ஹிப்போகேம்பஸ் வெள்ளரிக்காயைச் சரிவாக வெட்டியதுபோல் நீண்டு தெரியும். உள்ளே இருக்கும் அடுக்குகள் கலங்கிப்போய், சுருங்கியிருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது பிசகு தலை சாய்ந்திருப்பது. ஒரு பக்கம் ஒரு மி.மீ. முன்னே போனாலே இடது ஹிப்போகேம்பஸ் சிறியது போலவும் வலது பெரியது போலவும் பொய் சொல்லும். உட்செவிக் குழாய்கள் இரண்டும் ஒரே ஸ்லைஸில், ஒரே அளவில் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தலையை நேராக்கி மறுபடி எடுங்கள்.

பழைய தழும்பு, கால்சியம், ரத்தக்குழாய்க் கட்டி சந்தேகம் இருந்தால், அவற்றைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வரிசையையும் சேருங்கள். சில நிமிடங்களில் முடிகிற வேலை. நம் நாட்டில் அதை எல்லோருக்கும் சேர்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. காரணம் கீழே புழுக் கேள்வியில் வரும். கான்ட்ராஸ்ட் ஊசி எல்லோருக்கும் தேவையில்லை. கட்டி, தொற்று, அழற்சி என்று சந்தேகம் இருந்தால் மட்டும் போதும். நோயாளி அசைந்துவிட்டால் ‘பரவாயில்லை’ என்று விடாதீர்கள். டிஸ்ப்ளேசியாவின் மங்கலும் அசைவின் மங்கலும் ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொன்று. சீட்டில் ‘வலிப்பு’ என்று மட்டும் இருந்தால், கூட வந்தவரிடம் இரண்டு வரி கேட்டு எழுதி ரேடியாலஜிஸ்டுக்கு அனுப்புங்கள்: ‘இடது கை முதலில் விறைக்கிறது’, ‘வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புகிறது என்கிறார்’. அந்த இரண்டு வரி, மூன்று டெஸ்லாவுக்குச் சமம்.

வயது 28. வயிற்றிலிருந்து ஒரு பயம் கிளம்பி நெஞ்சுக்கு ஏறும். பிறகு நினைவு இருக்காது. வாயைச் சப்புக்கொட்டுகிறேன், சட்டைப் பொத்தானை நோண்டுகிறேன் என்கிறார்கள். ஒரு வயதில் காய்ச்சலோடு நீண்ட நேரம் வலிப்பு வந்ததாம். இப்போது ரிப்போர்ட்டில் ‘இடது மீசியல் டெம்போரல் ஸ்க்ளிரோசிஸ்’ என்று இருக்கிறது. ஆபரேஷன் என்கிறார்கள். மூளையைத் தொடலாமா?
– ஒரு வாசகர், மதுரை

ஹிப்போகேம்பஸ் என்பது நினைவைப் பதிய வைக்கும் ஒரு சிறு உறுப்பு, காதுக்கு உள்பக்கமாக இரண்டு பக்கமும் உண்டு. உங்களுக்கு இடது பக்கத்தில் அதன் அணுக்கள் அழிந்து தழும்பாகியிருக்கிறது. படத்தில் மூன்று அடையாளங்கள் சேர்ந்திருக்க வேண்டும்: சுருங்கியிருப்பது, ஃப்ளேரில் வெளுத்துத் தெரிவது, உள்ளடுக்குகள் அழிந்திருப்பது. குழந்தைப் பருவத்தில் நீண்ட காய்ச்சல் வலிப்பு, பல ஆண்டு அமைதி, பிறகு நீங்கள் சொல்லும் வகை வலிப்பு: மூன்றும் ஒரே கதையின் பக்கங்கள்.

பெரியவர்களுக்கு மாத்திரைக்கு அடங்காத வலிப்பில் இதுதான் அதிகம் காணப்படுவது. ஐரோப்பாவில் வலிப்புக்காக அறுவை செய்துகொண்ட 9,523 பேரின் மூளைத் திசுக்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். 36.4 சதவீதம் இந்தத் தழும்பு. 23.6 சதவீதம் மெதுவாக வளரும் கட்டிகள். 19.8 சதவீதம் மேலே சொன்ன டிஸ்ப்ளேசியா உள்ளிட்ட பிறவிக் கோளாறுகள். குழந்தைகளில் மட்டும் பார்த்தால் டிஸ்ப்ளேசியாதான் முன்னால் நிற்கிறது.

தொடலாமா என்ற கேள்விக்கு வருவோம். கனடாவில் 80 பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டு அணியாகப் பிரித்து நடத்திய ஆய்வில் (2001), ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை அணியில் 58 சதவீதம், மருந்து மட்டும் எடுத்த அணியில் 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸில் 116 குழந்தைகள், இளையோரை வைத்து நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் வலிப்பே இல்லாமல் இருந்தவர்கள் அறுவை அணியில் 77 சதவீதம், மருந்து அணியில் 7. அதில் பல வகை அறுவைகளும் அடங்கும். இது நேற்று வந்த வித்தையும் அல்ல. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1952-லேயே வலிப்புக்கான மூளை அறுவையைத் தொடங்கிவிட்டார்.

ஆனால் ரிப்போர்ட்டில் அந்தச் சொல் வந்துவிட்டது என்பதற்காக நேரே அறுவை மேசைக்குப் போகக் கூடாது. வலிப்பு அங்கிருந்துதான் வருகிறதா என்று வீடியோ இ.இ.ஜி. (வலிப்பு வரும்போது உடலசைவையும் மூளை மின்னலையும் சேர்த்துப் பதியும் சோதனை) உறுதி செய்ய வேண்டும். வலது கைப் பழக்கமுள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சு இடது மூளையில்தான். சொற்களை நினைவில் வைப்பதும் அந்தப் பக்கத்து ஹிப்போகேம்பஸின் வேலை. அதனால் ஒரு நரம்புளவியலாளர் உங்களை உட்காரவைத்து, பதினைந்து சொற்களைப் படித்துக்காட்டி அரை மணி கழித்துத் திருப்பிக் கேட்பது போன்ற சோதனைகளைச் செய்வார். சொல் நினைவு ஏற்கெனவே குறைந்திருந்தால், அந்த ஹிப்போகேம்பஸ் செயலிழந்துவிட்டது, எடுத்தால் பெரிய இழப்பு இல்லை என்று பொருள். நினைவு பளிச்சென்று இருந்தால்தான் யோசிக்க வேண்டும். எடுத்த பிறகு பெயர்களும் சொற்களும் தடுமாறக்கூடும். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனால் அப்படித்தான். பார்வைப் பரப்பில் வலது மேல் மூலையில் ஒரு துண்டு குறைவதும் சிலருக்கு நேரும். அன்றாடம் உணராத அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். இதையெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்.

சி.டி. ஸ்கேன் போதாதா? அதுதான் எங்கள் ஊரில் இருக்கிறது.
– ஒரு வாசகர், அரியலூர்

முதல் வலிப்பு வந்த அன்று, அவசரத்துக்குப் போதும். ரத்தக்கசிவு, பெரிய கட்டி, கால்சியம் படிந்த தழும்பு தெரியும். டிஸ்ப்ளேசியாவோ ஹிப்போகேம்பஸ் தழும்போ சி.டி.யில் தெரியும் என்று நம்ப வேண்டாம்.

கணவருக்கு மூளையில் புழுக்கட்டி என்றார்கள். நாங்கள் பரம்பரையாக சைவம். இது எப்படிச் சாத்தியம்? இரண்டு வருடம் கழித்து இப்போது ‘கால்சிஃபைடு’ என்கிறார்கள், வலிப்பு இன்னும் வருகிறது.
– ஒரு வாசகி, கும்பகோணம்

சைவம், அசைவம் இதில் வித்தியாசமே இல்லை. சரியாக வேகாத பன்றி இறைச்சி சாப்பிடுபவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவோ நீர் வழியாகவோ பச்சைக் காய்கறி வழியாகவோ யார் வயிற்றுக்குப் போனாலும் மூளைக்குப் போகலாம். ஊர்க் கிணற்றைப் போலத்தான், யார் அசுத்தம் செய்தாலும் குடிப்பவருக்கு நோய்.

இந்தியாவில் புதிதாக வலிப்பு வந்தவர்களின் ஸ்கேனில் ஒற்றையாக ஒரு சிறு வளையம் தெரிவது மிகச் சாதாரணம். அது புழுவா, காசநோய்க் கட்டியா என்பதுதான் முதல் சிக்கல். வேலூரில் நடந்த ஆராய்ச்சிகள்தான் இதற்கு அளவுகோல் தந்தன: 20 மி.மீ.க்குக் குறைவாக, ஒற்றையாக, சுற்றியிருக்கும் வீக்கம் மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாத அளவில் இருந்து, நோயாளிக்கு நரம்புக் குறைபாடு நீடிக்காமலும் மண்டை அழுத்தம் ஏறாமலும் இருந்தால் புழுவாகவே இருக்க வாய்ப்பு மிக அதிகம். 20 மி.மீ.க்கு மேல், ஓரம் கரடுமுரடாக, ஸ்பெக்ட்ராஸ்கோபியில் (கட்டியின் வேதிப்பொருள்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. சோதனை) கொழுப்புச் சிகரம் தெரிந்தால் காசநோயை நினைக்க வேண்டும்.

உங்கள் கணவருக்குப் புழு செத்து சுண்ணாம்பாகிவிட்டது. அதற்கு மேல் புழு மருந்து எதற்கும் உதவாது, செத்ததை மறுபடி கொல்ல முடியாது. ஆனால் அந்தச் சுண்ணாம்புத் துண்டைச் சுற்றி அவ்வப்போது வீக்கம் வரும், வலிப்பும் வரும். அடுத்த வலிப்பு வந்து சில நாட்களுக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த வீக்கம் மாட்டும், ஒரு மாதம் கழித்து எடுத்தால் மறைந்திருக்கும். பெரும்பாலோருக்கு இந்த வகை வலிப்பு மாத்திரைக்குக் கட்டுப்படும். கட்டுப்படவில்லை என்றால் ஹிப்போகேம்பஸையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய புழுத்தழும்பும் ஹிப்போகேம்பஸ் தழும்பும் சேர்ந்தே இருப்பவர்கள் உண்டு. அப்போது வலிப்பு இரண்டில் எதிலிருந்து வருகிறது என்று வீடியோ இ.இ.ஜி. இல்லாமல் சொல்லவே கூடாது.

மகனுக்கு ரிப்போர்ட்டில் ‘அரக்னாய்டு சிஸ்ட்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஃபிட்ஸ் நின்றுவிடுமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பெரும்பாலும் நிற்காது. அது மூளைக்கு வெளியே நீர் தேங்கிய ஒரு பை. வலிப்பே இல்லாத பலருக்கும் உண்டு. படத்தில் ஒன்று தெரிவதும் அதுவே காரணமாக இருப்பதும் வேறு வேறு. கண்ணில் பட்டவனையெல்லாம் திருடன் என்று பிடிக்கக் கூடாது.

வீடியோ இ.இ.ஜி.க்கு ஐந்து நாள் அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். அங்கே மாத்திரையைக் குறைப்பார்களாம். எட்டு வருடம் ‘மாத்திரையை விடாதே, விடாதே’ என்று சொன்னவர்களே இப்போது குறைத்தால் எப்படி?
– ஒரு வாசகர், சேலம்

வெளிநோயாளியாக அரை மணி நேரம் எடுக்கும் இ.இ.ஜி., வலிப்பு வராத நேரத்து மூளையைத்தான் காட்டும். வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே பாதிப் பேருக்கு முதல் தடவை அது சுத்தமாக இருக்கும். அறுவைக்கு வேண்டியது வலிப்பு தொடங்கும் அந்த நொடி: முதல் அலை எந்த மின்முனையில் எழுந்தது, அப்போது கை என்ன செய்தது. அதனால் சில வலிப்புகள் வந்தே ஆக வேண்டும். தினமும் வருபவருக்கு மாத்திரையைத் தொட மாட்டார்கள், மாதம் ஒரு முறை வருபவருக்குப் படிப்படியாகக் குறைப்பார்கள். கையில் ஊசிக்குழாய் போட்டு, வலிப்பை நிறுத்தும் லொரஸெபாம் மருந்தைத் தயாராக வைத்து, கட்டிலுக்குத் தடுப்பு போட்டு, இரவு பகல் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்கிற வேலை அது. வீட்டில் நீங்களாகக் குறைத்தால் அதே செயல் உயிருக்கு ஆபத்து; வலிப்பு நிற்காமல் தொடரலாம்.

போகுமுன் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். பசை ஒட்டாமல் மின்முனைகள் கழன்றுவிடும், ஐந்து நாள் வீணாகும். ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்துப் போங்கள். கூட ஒருவர் இருக்க வேண்டும். வலிப்பு வரும்போது அவர் கேமராவை மறைத்துக்கொண்டு கட்டிப்பிடிக்கக் கூடாது என்பது முக்கியம். பாசத்தில் அதைத்தான் முதலில் செய்வார்கள். பட்டனை அழுத்திவிட்டு, போர்வையை விலக்கிவிட்டு, ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனையில் இன்னொரு விடையும் வரலாம். வலிப்பு போலவே துடித்தாலும் இ.இ.ஜி.யில் மாற்றமே இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அது நடிப்பு அல்ல. மன அழுத்தம் உடலில் வெளிப்படும் விதம். கண்களை இறுக்க மூடியிருப்பது ஒரு குறிப்பு. வலிப்பில் கண் பெரும்பாலும் திறந்திருக்கும். அவர்களுக்கு வேண்டியது உளவியல் சிகிச்சை, நாலாவது மாத்திரை அல்ல.

கல்லூரியில் படிக்கிறேன். காலையில் எழுந்ததும் கை வெட்டுகிறது, டீ டம்ளர் கையிலிருந்து பறக்கிறது. இரண்டு தடவை பெரிய ஃபிட்ஸும் வந்தது. கார்பமஸெபைன் சாப்பிட்டு அதிகமாகிவிட்டது. எனக்கும் மருந்துக்கு அடங்காத வகையா? எம்.ஆர்.ஐ. நார்மல்.
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

உங்கள் ‘நார்மல்’ உண்மையிலேயே நார்மலாக இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பது இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு என்ற வகையோடு அப்படியே பொருந்துகிறது. மூளை முழுவதும் ஒரே நேரத்தில் தூண்டப்படும் மரபுவழி நோய் இது, ஓர் இடத்தில் பழுது கிடையாது. கார்பமஸெபைன் இந்த வகையில் கை வெட்டலைக் கூட்டும். மருந்து தோற்கவில்லை, தவறான பூட்டுக்குச் சாவி போட்டிருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவரிடம் இந்த டம்ளர் விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். கை நடுக்கம் என்று நினைத்துப் பலர் சொல்வதே இல்லை. வால்ப்ரோயேட் இதில் நன்றாக வேலை செய்யும், ஆனால் கருவைப் பாதிக்கும் என்பதால் உங்கள் வயதுப் பெண்களுக்கு வேறு மருந்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்காதீர்கள்.

குழந்தைக்கு 11 மாதம். பிறந்த மூன்றாம் நாள் சர்க்கரை இறங்கி ஐ.சி.யு.வில் இருந்தான். இப்போது திடீர் திடீரென்று உடம்பு மடங்குகிறது. எம்.ஆர்.ஐ.யில் ‘பின்பகுதியில் கிளையோசிஸ்’ என்று இருக்கிறது.
– ஒரு தந்தை, தருமபுரி

பிறந்த சில நாட்களில் சர்க்கரை மிகவும் இறங்கினால், மூளையின் பின்பகுதி, அதாவது பார்வைக்கான இடம்தான் அதிகம் அடி வாங்கும். அந்த அடியின் தழும்புதான் கிளையோசிஸ். பல குழந்தைகளுக்கு இரண்டு பக்கமும் இருக்கும். அப்படியானால் அறுவைக்கு இடம் குறைவு. ஆனால் அடுத்த ஸ்கேனுக்காகக் காத்திருக்காதீர்கள். கொத்துக் கொத்தாக உடம்பு மடங்குவது இன்ஃபன்டைல் ஸ்பாஸம் என்ற கைக்குழந்தை வலிப்பாக இருக்கலாம். அதற்கு இந்த வாரமே இ.இ.ஜி. எடுத்து ஹார்மோன் ஊசியோ ஸ்டீராய்டோ விகாபட்ரினோ தொடங்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் வளர்ச்சியில் போய் விடிகிறது. கண் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

இதே வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை மூளையின் வெள்ளைப் பகுதி பக்குவப்பட்டுக்கொண்டிருக்கும். சாம்பலும் வெள்ளையும் படத்தில் ஒரே நிறமாகத் தெரிவதால் டிஸ்ப்ளேசியா மறைந்துவிடும். அந்த வயதில் ‘நார்மல்’ வந்தால் இரண்டரை வயதுக்கு மேல் ஒரு முறை மீண்டும் எடுங்கள். முதல் ஸ்கேனின் சி.டி. தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிஞ்சு வயதில் எடுத்த படத்தில் தெரிந்து பிறகு மறைவதும் உண்டு.

நல்ல எம்.ஆர்.ஐ.யிலும் தெரியவில்லை என்றால்? பெட் ஸ்கேன், மண்டையில் கம்பி விடுவது என்றெல்லாம் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பெட் ஸ்கேனில் மூளை சர்க்கரையைச் செலவழிக்கும் விதத்தைப் பார்க்கிறார்கள். வலிப்பு கிளம்பும் இடம், வலிப்பு இல்லாத நேரத்தில் சோம்பலாக இருக்கும்; படத்தில் மங்கித் தெரியும். நாலைந்து மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். ஊசி போட்டபின் அரை மணிக்கு மேல் இருட்டறையில் பேசாமல் படுத்திருக்க வேண்டும்; போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பார்வைப் பகுதி விழித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஒரு வலிப்பு வந்தால் படம் தலைகீழாகிவிடும், மங்க வேண்டிய இடம் பிரகாசிக்கும். அதனால் உங்களுக்குக் கடைசியாக எப்போது வந்தது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். பெட் படத்தை எம்.ஆர்.ஐ.யின் மேல் பொருத்திப் பார்த்து, மங்கலாகத் தெரிந்த மடிப்பை மறுபடி உற்றுப் பார்க்கும்போது, ‘இதோ இருக்கிறதே’ என்று டிஸ்ப்ளேசியா வெளிப்படுவது அடிக்கடி நடப்பதுதான்.

ஸ்பெக்ட் என்ற ஸ்கேன் அதற்கு எதிர்ப்பதம்; வலிப்பு நேரத்தில் ரத்தம் எங்கே பாய்கிறது என்று பார்ப்பது. வலிப்பு தொடங்கிய அரை நிமிடத்துக்குள் கதிரியக்க மருந்தை ஏற்ற வேண்டும். மருந்தோடு நர்ஸ் கட்டிலருகே காத்திருப்பார். ரத்தம் பாய்ந்த இடத்தில் மருந்து ஒட்டிக்கொள்ளும், படத்தைப் பிறகு நிதானமாக எடுக்கலாம். ஊசி தாமதமானால் வலிப்பு பரவிய இடம்தான் தெரியும், தொடங்கிய இடம் தெரியாது.

நீங்கள் பயப்படும் கம்பி, ஸ்டீரியோ இ.இ.ஜி. 0.8 மி.மீ. கனம்தான். பாரிஸில் தலைராக், பான்கோ இருவரும் உருவாக்கிய முறை. மண்டையைத் திறப்பதில்லை, ஊசித்துளைகள் வழியாக, ரத்தக்குழாய் வரைபடத்தைப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு கம்பிகளை இறக்குவார்கள். ரத்தக்கசிவு ஆபத்து நூற்றில் ஒன்று என்ற அளவில் சொல்லலாம். ஆனால் இது தேடுவதற்கான கருவி அல்ல. இங்கேயோ அங்கேயோ என்று இரண்டு மூன்று இடங்களில் சந்தேகத்தைக் குறுக்கிய பிறகு, எது என்று தீர்ப்பதற்கான கருவி. ‘எம்.ஆர்.ஐ. நார்மல், அதனால் கம்பி விடலாம்’ என்று ஒருவர் சொன்னால் இன்னொரு மையத்தில் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிடும் என்று செய்தியில் வந்ததே?
– ஒரு வாசகர், சென்னை

லண்டன் பல்கலைக் கல்லூரி சார்ந்த ‘மெல்ட்’ குழுவின் செய்தியாக இருக்கும். ரேடியாலஜிஸ்டுகள் தவறவிட்ட டிஸ்ப்ளேசியாக்களில் 64 சதவீதத்தைத் தங்கள் மென்பொருள் சுட்டிக்காட்டியதாக 2025-ல் அறிவித்தார்கள். நல்ல உதவியாள்தான். ஆனால் அதற்கும் தீனி 1 மி.மீ. 3டி டி-1தான், 5 மி.மீ. படத்தைக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது. பழுதில்லாத இடத்தையும் சில சமயம் சுட்டும். இடத்தைக் காட்டியபின், வலிப்பின் தன்மையும் இ.இ.ஜி.யும் அதோடு ஒத்துப்போகிறதா என்று மனிதர்தான் பார்க்க வேண்டும்.

வலிப்பு வரும்போது போனில் வீடியோ எடுத்து வரச் சொன்னார் டாக்டர். எடுத்தேன், ‘இது போதாது’ என்றுவிட்டார். எப்படி எடுப்பது?
– ஒரு மனைவி, காரைக்குடி

முதலில் அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அருகில் இருக்கும் கூரான பொருளை நகர்த்துங்கள். கையில் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் எதுவும் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வீடியோவை விட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யுங்கள்.

முகத்தை மட்டும் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். தலை முதல் கால் வரை, இரண்டு கைகளும் தெரியும்படி, கால்மாட்டிலிருந்து எடுங்கள். விளக்கைப் போடுங்கள். ஒரு கை முறுக்கி விறைத்து, மற்றக் கை துணியைப் பிசைந்தால், பழுது பெரும்பாலும் விறைத்த கைக்கு எதிர்ப்பக்க மூளையில். தலையும் கண்ணும் பலவந்தமாக ஒரு பக்கம் திரும்பினால் அதுவும் எதிர்ப்பக்கத்தைக் காட்டும். முடிந்ததும் எந்தக் கையால் மூக்கைத் துடைக்கிறார் என்பது கூட எங்களுக்குத் தகவல். பெரும்பாலும் பழுது இருக்கும் அதே பக்கத்துக் கை.

எடுத்துக்கொண்டே பேசுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ‘கையைத் தூக்குங்க’ என்று சொல்லுங்கள். ‘மாம்பழம்’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவைத்து, தெளிந்தபின் அது என்ன என்று கேளுங்கள். துடிப்பு அடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும். தெளிந்தபின் பேனாவையோ சீப்பையோ காட்டி ‘இது என்ன?’ என்று கேளுங்கள். தெரிந்தும் பெயர் வராமல் தடுமாறினால் பேச்சு இருக்கும் பக்கம், பெரும்பாலும் இடது மூளை, சம்பந்தப்பட்டிருக்கிறது. வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வெட்டிச் சுருக்காதீர்கள். நீங்கள் ‘ஒன்றுமில்லை’ என்று வெட்டிவிடும் முதல் ஐந்து நொடியில்தான், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்திவிட்டு ஒரு பக்கமாக வெறித்துப் பார்ப்பது இருக்கும்.